கண்டக்டர் காஸ்பர் சொல்லிக்கொடுத்த கணக்கு

பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் பேர்வழி என்று ஓர் இனம் நம் நாட்டில் உண்டு. யுத்தம் வந்ததிலிருந்து அரிசிக்குப் பஞ்சம், மண்ணெண்ணெய்க்குப் பஞ்சம், வேட்டிக்குப் பஞ்சம். இந்த இனத்துக்கு மட்டும் பஞ்சமே இல்லை. கூட்டல், கழித்தல், வாய்ப்பாடு என்றால் இவர் கிட்டே வரமாட்டார். அதெல்லாம் வாத்தியார் வேலை என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நழுவிவிடுவார். ஆனால் கதை மாதிரி ஆரம்பித்து ‘எத்தனை?’ என்று முடிகிற கணக்கு இருக்கிறதே, ஒரு தோட்டத்தில் இத்தனை மாமரம், ஒரு கிணற்றை இத்தனை ஆட்கள் வெட்டினார்கள் என்றெல்லாம் வருமே, அது காதில் விழுந்துவிட்டால் போதும், எங்கே இருந்தாலும் ஓடி வந்துவிடுவார். ஏன் தெரியுமா? அந்தக் கணக்கில் மனிதர்கள் வருகிறார்கள், மாடு வருகிறது, வண்டி வருகிறது. இவை வருகிற இடத்தில் இவருக்கு அபிப்பிராயம் இல்லாமல் போய்விடுமா?

இந்த இனத்தைப் பற்றி எழுத உமக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். தினமும் காலையில் கண்ணாடியைப் பார்த்துத்தான் சவரம் செய்துகொள்கிறேன், அது போதாதா? ஆனால் தன் முகத்தைத் தானே வரைகிறவன் மூக்கைக் கொஞ்சம் எடுப்பாகவே வரைந்துவிடுவான். ஆகவே செஞ்சி காஸ்பரைப் பிடித்துக்கொள்வோம்.

காஸ்பர், செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் ஓடுகிற கரி பஸ்ஸில் கண்டக்டர். பெட்ரோல் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதால், பஸ்ஸின் முதுகில் ஓர் இரும்பு அடுப்பைக் கட்டி, அதில் கரியைப் போட்டு மூட்டி, அந்தப் புகையில் வண்டியை ஓட்டினார்கள். ஓட்டினார்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ளுவார்கள். பள்ளம் வந்தால் ஏறிக்கொள்வார்கள். திரும்பி வருகையில் செஞ்சிக் கோட்டை மலையான ராஜகிரி கண்ணில் பட்டால்தான் அவர்களுக்கு மூச்சு வரும். இப்படிப்பட்ட வண்டியில் வருஷக்கணக்காக விசில் ஊதிய மனிதருக்கு, உலகத்தில் ஏறுவது, இறங்குவது, போவது, வருவது எதைப் பற்றியும் இன்னொருவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றும் இல்லை என்ற எண்ணம் வந்துவிட்டது.

அவருடைய மகள் லில்லி நாலாம் வகுப்பு. ஊரில் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் நாலுக்கு மேல் வகுப்பு கிடையாது. அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் திண்டிவனத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் தங்கித்தான் படிக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு பெண்ணை இலவசமாகச் சேர்த்துக்கொள்வார்கள். தலைமைக் கன்னியாஸ்திரியான மதரே நேரில் கேள்வி கேட்டுப் பார்ப்பார்கள். தேறினால் படிப்பு. தேறாவிட்டால், காஸ்பர் சம்பளத்தில் வேறு வழியில்லை, லில்லி வீட்டோடு நின்று, அம்மாவோடு வேர்க்கடலை உரிக்கப் போக வேண்டியதுதான். அவள் அம்மா பாக்கியம் அப்படித்தான் நாலாம் வகுப்போடு நின்றவள். ஆகையால் மகள் விஷயத்தில் அவள் விளையாட்டுக்குக்கூட இடம் கொடுப்பதில்லை.

இந்த நிலைமையில்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், லில்லி ஸ்லேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, புஸ்தகத்தைப் பார்த்துச் சத்தம் போட்டுப் படித்துத் தொலைத்தாள். அ என்ற ஊருக்கும் ஆ என்ற ஊருக்கும் இடையே பதினெட்டு மைல். அ-விலிருந்து ஒரு பஸ் மணிக்குப் பத்து மைல் வேகத்திலும், ஆ-விலிருந்து ஒரு பஸ் மணிக்கு எட்டு மைல் வேகத்திலும் ஒரே நேரத்தில் எதிரெதிராகப் புறப்படுகின்றன. எத்தனை மணி நேரத்தில் சந்திக்கும்?

பஸ்! காஸ்பர் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் வந்துவிட்டார்.

“இதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிக்கினு குந்தியிருக்க? பதினெட்டு மைலுன்னா அ-ன்றது செஞ்சி, ஆ-ன்றது திண்டிவனம். அது இருக்கட்டும், மணிக்குப் பத்து மைலு ஓட்டறவன் யாரு? கோதண்டராமனா?”

கோதண்டராமன் அவர் பஸ்ஸின் டிரைவர்.

“பேரு போடல நைனா.”

“எப்படிப் போடுவான்? போட்டா அவனே வந்து சண்டை புடிப்பான். சரி, எழுதிக்க. ரெண்டும் வல்லத்துல சந்திக்கும்.”

“எந்த ஊர்லன்னு கேக்கல நைனா. எத்தினி மணி நேரத்துலன்னு கேட்டிருக்குது.”

“எங்கன்னு தெரியாம எப்பன்னு எப்படிச் சொல்லுவ?”

இதில் ஒரு நியாயம் இருப்பது போலத் தோன்றுகிறது, பாருங்கள். இந்த இனம் சொல்வதில் எப்போதும் ஒரு நியாயம் இருக்கும், அதுதான் ஆபத்து. உள்ளபடி சங்கதி என்னவென்றால், காஸ்பரின் முதலாளிக்கு இருந்த பஸ்கள் இரண்டுக்கும் சேர்த்து, சக்கரம் மாற்ற வண்டியைத் தூக்குகிற ஜாக்கி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. யுத்த காலத்தில் இன்னொன்று வாங்கக் கிடைக்கவில்லை. ஆகவே செஞ்சியிலிருந்து போகிற பஸ்ஸும் திண்டிவனத்திலிருந்து வருகிற பஸ்ஸும் வல்லத்தில் நின்று, ஒன்று மற்றொன்றிடம் ஜாக்கியை ஒப்படைத்துவிட்டுத்தான் நகர வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. முதலில் வந்தது புளியமரத்தடியில் காத்திருக்கும். வேகம் பத்தோ பதினைந்தோ, சந்திப்பு வல்லத்தில்தான். புஸ்தகம் எழுதிய ஆசாமிக்கு இது தெரியாமல் போனது காஸ்பர் குற்றமா?

“அப்ப எத்தினி மணி நேரம்னு எழுதறது?” என்றாள் லில்லி.

“ஜாக்கி வர்ற நேரம்னு எழுது.”

“நீங்க செத்த சும்மா இருந்தீங்கன்னா அது பாட்டுக்குப் போட்டுனு போவும்” என்று அடுப்படியிலிருந்து பாக்கியத்தின் குரல் வந்தது.

“உனக்கு இன்னா தெரியும்? நான் தினம் பாக்கறேன்!”

‘நான் தினம் பாக்கறேன்.’ இந்த இனத்தை இருட்டில்கூட அடையாளம் கண்டுகொள்ள உதவும் வாக்கியம் இது. இதற்கு அடுத்தபடி புஸ்தகம் எழுதியவனைத் திட்டுவது, அதற்கும் அடுத்தபடி குழந்தையைத் திட்டுவது, கடைசியில் தொண்டை கட்டிப்போய், “இப்ப சுளுவா புரிஞ்சுதா?” என்று ஒரு வெற்றிச் சிரிப்பு. புரியாமல் என்ன செய்யும்? புரிந்துவிட்டது என்று சொன்னால்தானே விளையாட விடுவார்கள்!

மறுநாள் வாத்தியார் ஸ்லேட்டில் பெரிய சைபர் போட்டு அனுப்பினார். காஸ்பர் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “அந்த ஆளு சைக்கிள்ல போறவரு. அவருக்கு பஸ்ஸப் பத்தி இன்னா தெரியும்?” என்று வாத்தியாருக்கே சைபர் போட்டுவிட்டார்.

மதரைப் பார்க்க வேண்டிய நாள் வந்தது. புறப்படுமுன் பாக்கியம் புருஷனைச் சிலுவை மேல் கை வைக்கச் சொன்னாள்.

“மதர் கேள்வி கேக்கறப்ப வாயத் தொறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க.”

“இன்னா பாக்கியம், எனக்குத் தெரியாதா?”

“தெரியும்ன்றதுனாலதான் சத்தியம் கேக்கறேன்.”

காஸ்பர் சத்தியம் செய்தார். மனப்பூர்வமாகத்தான் செய்தார். தன் பஸ்ஸிலேயே மகளை ஏற்றிப் போய், திரும்பிப் புறப்படுவதற்குள் வந்துவிடுகிறேன் என்று கோதண்டராமனிடம் சொல்லிவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு போய் மதரின் அறையில், பின்னால் கிடந்த பெஞ்சில், கையைக் கட்டி உட்கார்ந்தார். லில்லி மடமடவென்று வாசித்தாள். ஜெப மந்திரங்களைத் தப்பில்லாமல் சொன்னாள். மதருக்கு முகம் மலர்ந்தது.

“உங்க அப்பா பஸ் கண்டக்டராமே? அப்போ பஸ் கணக்கே கேக்கறேன். திண்டிவனத்தில் பஸ் புறப்படும்போது இருபத்துநாலு பேர். வழியில் ஓர் ஊரில் ஆறு பேர் இறங்கி, பத்து பேர் ஏறினார்கள். அதற்கப்புறம் ஒரு மேட்டுப் பக்கம் பாதிப் பேர் இறங்கினார்கள். செஞ்சி வந்தபோது பஸ்ஸில் எத்தனை பேர்?”

லில்லி விரல்களை மடக்கத் தொடங்கினாள். காஸ்பர் பல்லைக் கடித்துக்கொண்டார். பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டார். நீங்களே சொல்லுங்கள், ஒரு மனிதர் எவ்வளவுதான் பொறுப்பார்?

“மதர், ஒரு சின்ன சந்தேகம். டிரைவரு, கண்டக்டரு, கரி போடற க்ளீனரு, இவங்க அந்த இருபத்துநாலுல சேர்த்தியா?”

“இல்லை” என்றார் மதர் பொறுமையாக.

“நல்லது. சந்த நாளா, சாதா நாளா? சந்த நாள்னா ஆறு பேர் எறங்க மாட்டாங்க, முப்பது பேர் ஏறுவாங்க.”

மதர் கண்ணாடியைக் கழற்றினார். லில்லியின் விரல்கள் பாதியில் நின்றுவிட்டன. காஸ்பர் இதையெல்லாம் கவனித்தாரா? அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

“முக்கியமானது இதான் மதர். மேட்டுல பாதிப் பேர் எறங்கனாங்கன்னு சொன்னீங்க. ஊருக்குப் போக எறங்கனாங்களா, தள்ளறதுக்கு எறங்கனாங்களா? தள்ளறதுக்கு எறங்கனவங்க மறுபடியும் ஏறிக்குவாங்களே! அப்ப இருபத்தெட்டு பேர் அப்படியே இருப்பாங்களே!”

மதர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே இன்னும் மூன்று பெண்கள் தங்கள் தகப்பன்மாரோடு காத்திருந்தார்கள். லில்லி ஒருமுறை மதரைப் பார்த்தாள், ஒருமுறை அப்பாவைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழவில்லை. பெஞ்சுக்கு நடந்து வந்து, மெதுவான குரலில் சொன்னாள்:

“நைனா, பஸ்ஸு பூடப் போவுது. நீ போய் வெளிய பாத்துக்கினு இரு.”

பஸ் கிளம்ப வெகு நேரம் இருந்தது. காஸ்பருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். டிக்கெட் இல்லாமல் ஏறியவனை நடுவழியில் இறக்கிவிடுவது காஸ்பரின் அதிகாரம். அவரை ஒருத்தர் இறக்கிவிட்டது அன்றுதான். தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார்.

போனவர் பஸ்ஸைப் பார்க்கவா போனார்? சுவரோரமாகச் சுற்றிவந்து, ஜன்னலுக்குக் கீழே நின்றார். சொந்த வாயாலேயே பிள்ளையின் படிப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். மாதாவே, இனி ஆயுசுக்கும் நான் ஒரு கணக்கிலும் ஏற மாட்டேன் என்று வேண்டிக்கொண்டார். அப்போது உள்ளேயிருந்து குரல் கேட்டது.

“பதினாலு பேரு மதர்.”

அடுத்து இன்னொரு கணக்கு. இரண்டு வண்டிகள், எதிரெதிரே. மதர் வாயை மூடுவதற்குள் பதில் வந்தது. பிறகு ஒரு கிணறு, சில ஆட்கள். அதற்கும் பதில் வந்தது. தடுமாற்றமே இல்லை. இவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறதே! அப்படியானால் இத்தனை நாளும் ஸ்லேட்டில் விழுந்த சைபர்கள்? அவை லில்லி வாங்கியவை அல்ல. காஸ்பர் வாங்கியவை. அவர் சொன்ன பதிலை, தப்பென்று தெரிந்தே, அவருக்காக எழுதிக்கொண்டு போயிருக்கிறாள்.

“ஜூன் மாதம் பெட்டியோடு வந்துவிடு” என்று மதர் சொன்னதும் கேட்டது.

பஸ் திரும்பும்போது லில்லியை முன் சீட்டில் உட்கார வைத்து, காஸ்பர் பக்கத்தில் நின்றுகொண்டார். கேட்காமல் இருக்க முடியுமா? இனத்தின் குணம் அது.

“அந்த பஸ் கணக்குக்கு இன்னா சொன்ன?”

லில்லி அவர் முகத்தை அண்ணாந்து ஒரு கணம் பார்த்தாள்.

“நீ சொன்னதுதான் நைனா. தள்ளறதுக்கு எறங்கனவங்கள மறுபடி ஏத்திக்கினு, இருபத்தெட்டுன்னு சொன்னேன். மதர் சரின்னுட்டாங்க.”

காஸ்பர் அவள் தலையில் கை வைத்தார். “அப்படிச் சொல்லு!” என்று மட்டும் சொன்னார். பிறகு டிரைவர் பக்கமாகக் குனிந்து, “கோதண்டராமா, எம் பொண்ணு பாஸாயிட்டா. நான் வெளிய போனதால பாஸாயிட்டா” என்றார். அவர் ஏதோ வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்து கோதண்டராமன் வாய்விட்டுச் சிரித்தான்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லதுதான். ஆனால் இன்று சாயந்திரம் நீங்கள் சொல்லிக்கொடுத்த கணக்குக்கு உங்கள் வீட்டுக் குழந்தை சமர்த்தாகத் தலையாட்டி, நீங்கள் சொன்னதுதான் சரி என்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னால், உடனே மார்பைத் தட்டிக்கொள்ளாதீர்கள். அது பள்ளிக்கூடத்தில் என்ன பதில் சொல்கிறது என்று ஒருநாள் ஜன்னலோரமாகப் போய் நின்று கேளுங்கள். அங்கே ஏற்கெனவே ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தால் பயப்பட வேண்டாம். கொஞ்சம் நகர்ந்து உங்களுக்கும் இடம் கொடுக்கிறேன்.