அதிர்ந்து பேசாத ஆசிரியை

எனக்கு மெதுவாகப் பேச வராது. அல்சூரில் நான் ஓர் ஆட்டோவைக் கூப்பிட்டால் மூன்று ஆட்டோ நிற்கும் (ஒன்றில் ஏற்கெனவே ஆள் இருக்கும்).

இந்தத் தொண்டையோடுதான் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாகச் சேர்ந்தேன். வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால், தலைமையாசிரியை சிஸ்டர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என் வகுப்பு ஒன்றைப் பார்க்க வேண்டும். நான் தேர்ந்தெடுத்த பாடம், விளம்பர மொழியில் ஆணும் பெண்ணும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஆளுக்கொரு விளம்பரம் கொண்டுவரச் சொல்லியிருந்தேன்.

பைக் விளம்பரத்தில் ஆண் 'வெல்கிறான்', சோப்பு விளம்பரத்தில் பெண் 'மிளிர்கிறாள்' என்று நான் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது ஷீலா எழுந்தாள். கையில் சர்ச் பத்திரிகையிலிருந்து வெட்டிய திருமண விளம்பரம். படித்தாள்.

"அழகான, அடக்கமான, அதிர்ந்து பேசாத ஆசிரியைக்கு, கைநிறையச் சம்பளம் வாங்கும் மணமகன் தேவை."

எனக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி இருந்தது. "பாருங்க! ஆணுக்குச் சம்பளம், பொண்ணுக்கு சைலன்ட் மோடு! இதை எழுதின மனுஷன் அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருப்பாரா?"

சிஸ்டருக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. "அவரையே கேட்டுடலாமே! நம்பரைப் படிம்மா."

ஷீலா படிக்கப் படிக்க சிஸ்டர் தன் போனில் அழுத்தினார். அது என் அப்பாவின் நம்பர். நான் வாயைத் திறப்பதற்குள் (வாழ்க்கையில் முதல்முறையாகத் தாமதம்) தான் வேலை பார்க்கும் பொம்மசந்திரா தொழிற்சாலையின் இரைச்சலையும் மீறி, ஸ்பீக்கரில் அப்பா "ஹலோ!" என்று முழங்கினார். (என் தொண்டை எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.)

"விளம்பரம் பார்த்தேங்க. பொண்ணு நிஜமாவே அதிர்ந்து பேசாதா?" என்று கேட்டார் சிஸ்டர்.

"சத்தியமா மேடம்! வீட்ல இருக்கிறதே தெரியாது!"

"அப்பா! போனை வைங்க!"

பக்கத்து அறையில் கன்னட வகுப்பு நின்றுபோனது. போனில் அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"அது... இப்பக் கத்தினது பக்கத்து வீட்டுப் பொண்ணு மேடம்."

பிள்ளைகள் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேலை போச்சு என்றே நினைத்தேன். மேஜைக்கடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அவர் அறிக்கையில், 'குரல் கடைசி பெஞ்சு வரை தெளிவாகக் கேட்கிறது' என்று எழுதி, வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்.

அதே விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்தான் என் கணவர் டேவிட். இன்றும் தொம்மலூர் வீட்டில் நான் குரலை உயர்த்தினால், அவர் என்னைப் பார்க்கமாட்டார். என் அப்பாவைத்தான் பார்ப்பார்.

"என்ன மாமா, விளம்பரத்துல வேற மாதிரி போட்டிருந்தீங்க?"

"நிபந்தனைகளுக்கு உட்பட்டதுப்பா!" என்பார் அப்பா, தெரு முழுக்கக் கேட்கும்படி.