எட்டுக்கால் இஞ்சின்

சர்க்கார் காரணமில்லாமல் எதையும் செய்யாது. ஜெர்மன் சண்டை வந்தது. சீமை எண்ணெய்க் கப்பல் வரவில்லை. ஆகவே ஸ்ரீவைகுண்டத்துக்கு அந்தப் பக்கம் மேலப்பொட்டல் என்கிற எங்கள் ஊரில் 'தாவர எண்ணெய் இஞ்சின் பரீட்சை ஸ்பெஷல் ஆபீஸ்' திறக்கப்பட்டது. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்கள் ஆபீஸில் வேலை பார்த்தவர்களாக இருக்க முடியாது. நான் பார்த்தவன். அந்த ஆபீஸுக்கு ரைட்டர் பூதலிங்கம் அடியேன்தான். அங்கே எழுதப்பட்ட பொய் அத்தனையும் என் கையால் எழுதினது. எழுத்து முத்து முத்தாக இருக்கும். அதிலே எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அதிகாரி, ஸ்பெஷல் டிப்டி தாசில்தார் ஆவுடைநாயகம் பிள்ளை. நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய விதி. தங்கமான மனுஷர் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். யார் குடியையும் கெடுக்க நினைக்கமாட்டார். விதியில் இருந்தால் மட்டும் கெடுப்பார்.

இஞ்சின் சென்னையிலிருந்து ரயிலேறி, திருநெல்வேலிப் பாலம் ஸ்டேஷனில் வந்து இறங்கியது. அங்கேயிருந்து எங்கள் ஊருக்கு மூன்று நாள் பயணம், ஆறு ஜோடி மாடு. மாட்டின் வேலையை ஒழிக்க வந்த இஞ்சினை மாடே இழுத்துக்கொண்டு வந்ததை ஊர் முழுக்க நின்று வேடிக்கை பார்த்தது. ஒருத்தருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

இஞ்சினை வைக்கத் தேர்ந்தெடுத்த இடம் செல்லக்கிளியின் கிணறு. செல்லக்கிளி புருஷனை இழந்தவள். ஒரு கோட்டை விதைப்பாடு நிலம், ஒரு கிணறு, செவலையும் மயிலையுமாக இரண்டு மாடு, இவ்வளவுதான் அவள் சொத்து. அணைக்கட்டுத் தண்ணீர் அந்த மேட்டுக்கு ஏறாது. அவளே கமலை வடத்தில் உட்கார்ந்து மாட்டை ஓட்டி, தண்ணீர் இறைத்து, நெல் விளைவித்து மூன்று பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏளா, இனிமே உன் கிணத்துல சர்க்கார் இஞ்சின்தான் இறைக்கும். மாடு இறைக்கப்படாது. பரீட்சைக்கு இடைஞ்சல்" என்றார் பிள்ளை.

"நல்லதுதான் எசமான். அது என்னத்தத் திங்கும்?"

"விளக்கெண்ணெய்."

"எம்புட்டு?"

பிள்ளை திரும்பி ஞானையாவைப் பார்த்தார். ஞானையா தூத்துக்குடித் துறைமுகத்தில் படகு இஞ்சின் பார்த்தவன். எங்கள் இஞ்சினுக்கு அவன்தான் மேஸ்திரி.

"மணிக்கு ஒண்ணரைப் படி குடிக்கும்" என்றான்.

செல்லக்கிளி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "எம் பிள்ளையளுக்கு ஒரு சங்கு ஊத்துனாலே அன்னைக்குப் பூரா வீடு தங்காதுவ. ஒண்ணரைப் படியா? தாங்குமா எசமான் அந்த வயிறு?"

"இரும்பு வயிறு, ஏளா."

இஞ்சின் ஓடியது. ஓடவில்லை என்று நான் சொல்லமாட்டேன். டுப்பு டுப்பு என்று அது அதட்டிய அதட்டலில் கிணற்றுத் தண்ணீர் பயந்து மேலே வந்தது. புகை தாமிரபரணியைத் தாண்டிப் போயிற்று. ஊர் தலைகால் புரியாமல் ஆடத் தொடங்கியது. இளவட்டங்கள் காதுக்குப் பின்னால் இஞ்சின் மசியைத் தடவிக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். பேச்சுக்கு நடுவே காரணமில்லாமல் 'டுப்பு' என்பது நாகரிகமாயிற்று. கமலை இறைக்கிற ஊரில் இனி பெண் எடுப்பதில்லை என்று ஊர்க்கூட்டம் போட்டுத் தீர்மானம் செய்தார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் செல்லக்கிளியைத் தவிர அத்தனை பேரும் மறுநாள் காலையில் கமலை இறைக்கத்தான் போனார்கள்.

எட்டாம் நாள் எண்ணெய் தீர்ந்தது. வெளியில் வாங்கலாமா என்று கேட்டேன்.

"என்னவே பேசுதீர்? வெளி எண்ணெய் கலந்தா பரீட்சை சுத்தமா இருக்குமா? ஆமணக்கை இங்கனயே விதைக்கணும், இங்கனயே ஆட்டணும்" என்றார் பிள்ளை.

அப்படியே செல்லக்கிளியின் நிலத்தில் பாதி ஆமணக்குக்குப் போயிற்று. அது மழைத் தண்ணீரில் முளைத்துக் காய்க்கிறவரைக்கும் ஆபீஸ் பொறுமையாக இருந்தது. பொறுமை எங்கள் இலாகாவின் பழைய பழக்கம். ஆமணக்குமுத்து கைக்கு வந்ததும் கிணற்றடியில் ஒரு செக்கு நட்டார்கள். செக்குக்கு மாடு வேண்டுமே! பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்தார்.

"உன் மாடு ரெண்டும் சும்மாதானே நிக்குது?"

"எசமான்தான் நிப்பாட்டுனிய!"

"அதத்தான் சொல்லுதேன். ஓட்டிட்டு வா."

ஆக, காலையிலிருந்து சாயந்திரம் வரைக்கும் செவலையும் மயிலையும் செக்கைச் சுற்றின. ஒண்ணரைப் படி எண்ணெய் வந்தது. இஞ்சின் அதை ஒரு மணி நேரத்தில் குடித்துவிட்டு ஏப்பம் விட்டது. அந்த ஒரு மணி நேரத் தண்ணீர் ஆமணக்குக்குச் சரியாகப் போயிற்று. அந்த ஆமணக்கு மறுபடி செக்குக்கு. நெல் நாற்று மஞ்சளடித்துப்போய் நின்றது.

செல்லக்கிளி ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். "எசமான், மாடு பாடுபடுது, இஞ்சின் பாடுபடுது, எல்லாம் ஆமணக்குக்கே போவுது. நெல்லுக்கு?"

"நெல் இந்தப் பரீட்சையில இல்ல."

"எம் பிள்ளையளும் இல்லையோ?"

பிள்ளை பரீட்சைக்கென்று வந்த அச்சுப் பாரத்தைப் புரட்டிப் பார்த்தார். நிஜமாகவே பார்த்தார். "இல்ல" என்றார், வருத்தத்தோடு.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் ஒண்ணு கேக்கேன். வைக்கோலும் செடியில இருந்து வாரதுதானே? மாடு அதத் திங்குது, தண்ணி இறைக்குது. ஆட்டண்டாம், ஊத்தண்டாம், புகையும் கிடையாது. எம் மாட்டைவிட உங்க இஞ்சின் என்னத்தப் பெருசாச் செய்யுது?"

பிள்ளை பாரத்தை மறுபடி கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டினார். பிறகு, "இதுக்குப் பதில் எழுதப் பாரத்துல இடம் இல்ல" என்றார்.

ஆனால் அவள் வைக்கோலைப் பற்றிச் சொன்னது அவர் மனசில் வேறு விதமாகத் தைத்துவிட்டது. சர்க்கார் செக்கில் உழைக்கிற மாட்டுக்குச் சர்க்கார்தானே வைக்கோல் போட வேண்டும்? மாட்டுக்குத் தீனி போட எங்கள் இலாகாவில் விதி இல்லை. இஞ்சினுக்குத் தீனி போட உண்டு. அன்றைக்கே என்னைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். இஞ்சினின் உறுப்புகள் பதினாறு ஏற்கெனவே பதிவேட்டில் இருந்தன. அதற்குக் கீழே எழுதினேன்: 'உறுப்பு எண் 17, செவலை நிறம். உறுப்பு எண் 18, மயிலை நிறம். எரிபொருள், வைக்கோல்.'

அடுத்த வாரம் இஞ்சின் நின்றுபோயிற்று. ஞானையா அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, விளக்கெண்ணெய் உள்ள போயி கோந்தா இறுகிட்டு. எல்லா ஓட்டையும் அடைச்சாச்சி" என்றான்.

"எப்ப ஓடும்?"

"ஓடாது."

பிள்ளைக்கு முகம் வெளுத்தது. மேலாபீஸுக்கு மாதாந்தர ரிப்போர்ட் போக வேண்டிய நாள். ஓடாத இஞ்சினுக்கு ஆபீஸ் எதற்கு, ஆபீஸ் இல்லாத ஊரில் டிப்டி தாசில்தார் எதற்கு? என் வேலையும் அதோடு போகும். நான்தான் பைய சொன்னேன்: "ஐயா, ஒண்ணு முதல் பதினாறு வரைக்கும்தானே ஓடல. பதினேழும் பதினெட்டும் நல்லாத்தானே இருக்கு."

பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். அப்படி ஒரு மதிப்பு!

செவலையும் மயிலையும் கமலைக்குத் திரும்பின. நெல்லுக்குத் தண்ணீர் பாய்ந்தது, பயிர் எழுந்து நின்றது. ரிப்போர்ட்டில் எழுதினோம்: 'இஞ்சினின் சில உறுப்புகள் ஓய்வில் உள்ளன. மற்ற உறுப்புகளைக் கொண்டு இடையறாது நீர் இறைக்கப்படுகிறது. நன்மை: புகை இல்லை, சத்தம் இல்லை, கழிவு வயலுக்கு எருவாகிறது. தீமை: ஈ.' ஒரு வார்த்தை பொய்யில்லை. மேலாபீஸிலிருந்து பாராட்டு வந்தது. ஊருக்கு இன்னும் திமிர் ஏறியது.

பாராட்டுக்குப் பின்னாலேயே ஒரு சுபேதார் வந்தார், கையில் உத்தரவு, பின்னால் கயிற்றுச் சுமை. 'மேலப்பொட்டலில் இஞ்சின் சிறப்பாக இயங்குவதால் அவ்வூர் மாடுகள் உபரியாகின்றன. பஸ்ரா போகும் பட்டாளத்துக்கு வண்டியிழுக்க அவற்றைக் கொண்டு செல்க.'

முதல் வீடு செல்லக்கிளி வீடு. அவள் தொழுவத்துக்குக் குறுக்கே நின்றாள்.

"மாடா? எங்க வீட்டுல ஏது மாடு? இது சர்க்கார் இஞ்சின்."

"இதுக்கு வால் இருக்கே!" என்றார் சுபேதார்.

பிள்ளை பதிவேட்டைப் பிரித்தார். "வாலைப் பத்தி இதில் குறிப்பு இல்லை. எண் மட்டும் இருக்கு. சர்க்கார் இஞ்சினைக் கழற்றுவது குற்றம்."

அந்த நேரம் பார்த்து மயிலை சாணி போட்டது. சுபேதார் விரலை நீட்டினார்.

"கழிவு எண்ணெய் ஐயா" என்றான் ஞானையா.

சுபேதார் பட்டாளத்துக்காரர். எழுதியிருந்தால் ஒப்புக்கொள்ளப் பழகியவர். "சரி. மத்த வீட்டு மாட்டை மத்தியானம் வந்து பிடிக்கேன்" என்று சாப்பிடப் போய்விட்டார்.

அவர் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் ஊரே ஆபீஸ் வாசலில் மாட்டோடு நின்றது. "எங்க மாட்டையும் இஞ்சினா எழுதும் ஐயா!" என்று ஒரே அழுகை. உறுப்புகளுக்கு உச்சவரம்பு உண்டா என்று பிள்ளை தேடினார். இல்லை. எழுதினேன், எழுதினேன், விரல் வீங்க எழுதினேன். பத்தொன்பது முதல் நூற்று இரண்டு வரைக்கும் எண்பத்து நாலு மாடு! மத்தியானம் வந்த சுபேதார் இஞ்சினுக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுக் கயிற்றோடு திரும்பிப் போனார்.

இதோடு கதை முடிந்திருந்தால் நாங்கள் கெட்டிக்காரர்கள் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். இஞ்சின் நின்றுபோன ஐந்தாம் மாதம் ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லியாக, சிரிக்காத மனுஷர். கூடவே ஒரு தகரம் விளக்கெண்ணெய்.

"இது தாவர எண்ணெய் இஞ்சின். ஐந்து மாதமாக எண்ணெயே குடிக்கவில்லை. எண்ணெய் குடிக்காதது இஞ்சின் ஆகாது. இஞ்சின் ஆகாவிட்டால் அது மாடு. மாடென்றால் பஸ்ராவுக்கு. எழுதினவர் ஜெயிலுக்கு. ஆகவே என் கண்முன்னால் இந்தத் தகரம் காலியாக வேண்டும்" என்றார்.

இந்த நியாயத்தில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்க நானும் பிள்ளையும் எவ்வளவோ பார்த்தோம். முடியவில்லை. அருமையான நியாயம்.

ஞானையா மூங்கில் குழாயைக் கொண்டுவந்தான். செல்லக்கிளி அதைப் பிடுங்கி எறிந்தாள். "எம் மாட்டு வாயில ஒரு சொட்டு ஊத்துனா நடக்கிறதே வேற! வயித்தால போயி சுருண்டு விழுந்தா நாளைக்கு யாருவே எனக்கு இறைப்பா? நீரா?"

பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. சிவபெருமானைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். விதியைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். "வே பூதலிங்கம், கமலை தானா ஓடுமா? வடத்துல ஆள் உக்காராம ஓடாதே. அப்ப ஓட்டுத ஆளும் உறுப்புதானவே?"

"நானே குடிக்கேன்!" என்றாள் செல்லக்கிளி. "கொண்டாரும். எழுதிக்கிடும், நூத்தி மூணு!"

மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு ஆழாக்கு எண்ணெயை ஒரே மடக்கில் குடித்தாள். ஊர் ஆம்பளைகள் நாற்பத்திரண்டு பேர், இஞ்சின் ஊர் என்று மீசை முறுக்கினவர்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பஸ்ராவை நினைத்தார்கள். குடித்தார்கள். அப்புறமும் தகரத்தின் அடியில் எண்ணெய் கிடந்தது. இன்ஸ்பெக்டர் எங்கள் பக்கம் திரும்பினார். மேற்பார்வை உறுப்பு, எண் 146, ஆவுடைநாயகம் பிள்ளை. எழுது உறுப்பு, எண் 147, அடியேன். பழுது பார்க்கும் உறுப்பு, எண் 148, ஞானையா. இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு எண்ணுக்கும் நேராக ஒரு கோடு போட்டார்.

அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் நாற்பத்தாறு உறுப்புகளும் ஒரே நேரத்தில் ஆற்றங்கரையைப் பார்த்து ஓடத் தொடங்கின. வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன், பிள்ளைதான் முன்னால் ஓடினார். ஆமணக்குத் தோட்டத்தைத் தாண்டி யாராலும் போக முடியவில்லை. செவலையும் மயிலையும் வைக்கோலை அசைபோட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தபடி நின்றன.

இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட் எழுதினார். நகல் எடுத்தவன் நான், அதனால் வார்த்தைக்கு வார்த்தை தெரியும். 'எண்ணெய் ஊற்றிய அரை மணியில் இஞ்சின் முழு வேகத்தில் ஓடியதை நேரில் கண்டேன். நன்மை: இதுவரை கண்டிராத வேகம், வயலுக்கு எரு. தீமை: நிறுத்த வழியில்லை. மாதம் ஒரு தகரம் அனுப்பச் சிபாரிசு செய்கிறேன்.'

சிபாரிசு ஏற்கப்பட்டது. இப்போதும் மாதம் பிறந்தால் தகரம் வந்துவிடுகிறது.

போன வாரம் பக்கத்து ஊர்க்காரர்கள் பதினைந்து பேர் ஆபீஸுக்கு வந்தார்கள். மேலப்பொட்டலுக்கு மட்டும் சர்க்கார் இஞ்சின் என்ன நியாயம், தங்கள் ஊருக்கும் ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் தங்கள் ஊரில் யாரும் பெண் எடுக்கமாட்டேன் என்கிறார்கள் என்று ஒரே சண்டை. உட்காரச் சொல்லி, அவர்களுக்கு மனுவை நானே எழுதிக் கொடுத்தேன். எழுத்து முத்து முத்தாக இருக்கும்.