பார்க்காமல் காப்பாற்றிய படம்

உலக நாகரிகத்துக்குத் திருச்சிராப்பள்ளி அளித்த கொடைகள் என்றால் மலைக்கோட்டையையும் சுருட்டையும் எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். மூன்றாவதைச் சொல்ல ஆளில்லை. ஆகவே நான் சொல்கிறேன். பழைய திரைப்படங்களை, அவற்றில் ஒன்றைக்கூடப் பார்க்காமலே, அழிவிலிருந்து காப்பாற்றும் கலையைக் கண்டுபிடித்தது எங்கள் ஊர்தான்.

இந்தக் கலையை வளர்த்த நிறுவனம் 'திருச்சி–ஸ்ரீரங்கம் பழம்படப் பாதுகாப்புப் பேரவை'. தலைவர், ஸ்ரீரங்கம் உத்தர வீதி வேதாந்தம் அவர்கள். மின்வாரியத்தில் அதிகாரி. ஊருக்கு வெளிச்சம் கொடுப்பது அவருடைய உபதொழில். துணைத்தலைவர், பாலக்கரை சவரிநாதன் அவர்கள். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் தலைமை எழுத்தர். செயலாளர், பிலோமின்ராஜ் ஆகிய நான். பி.ஏ. மூன்றாம் ஆண்டு. ஒரு கூட்டத்துக்கு நான் வரவில்லை. அந்தக் கூட்டத்தில் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

ஊரெல்லாம் வீடியோ கேசட் ஓட்டும் டெக்கை வாடகைக்கு எடுத்து, ஒரே ராத்திரியில் மூன்று படம் பார்த்து, காலையில் கோவைப்பழக் கண்களோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. பேரவை அந்தக் கூத்தில் கலந்துகொள்ளவில்லை. பழைய படங்கள் ஒவ்வொன்றாக வீடியோ கேசட்டில் வரத் தொடங்கியிருந்தன. வருகிற கேசட்டை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டுவது பேரவையின் முதல் கடமை. மேலே சுற்றியிருக்கும் கண்ணாடித்தாளைப் பிரிக்கக் கூடாது. ஒரு தடவை ஓட்டினால் நாடா ஒரு தடவை தேயும் என்பது விஞ்ஞானம். ஓட்டாத நாடா தேயாது என்பது பேரவையின் கண்டுபிடிப்பு. பீரோச் சாவி தலைவரின் பூணூலில் தொங்கியது.

இரண்டாவது கடமை, அடுத்து எந்தப் படம் கேசட்டில் வரும் என்று ஊகிப்பது. ஞாயிறுதோறும் தலைவர் வீட்டுக் கூடத்தில் ஊகம் நடைபெறும். ஆதாரங்களைச் சவரிநாதன் கொண்டுவருவார். சிங்காரத்தோப்பில் வீடியோ கடை வைத்திருந்த முகம்மது கனியின் நடமாட்டமே எங்கள் ஆதாரம். ஒரு வாரம் கனி தம் கடையின் மேல்தட்டைத் துணியால் துடைத்தார். புதிய சரக்குக்கு இடம் ஒதுக்குகிறார் என்று தெளிந்து, பேரவை நான்கு படங்களின் வருகையை ஏகமனதாக அறிவித்தது. கனி துடைத்தது பல்லி எச்சம் என்று பின்னர் தெரியவந்தது. ஆயினும் அறிவிப்பு திரும்பப் பெறப்படவில்லை.

எல்லா ஊகங்களுக்கும் சிகரமாக விளங்கியது 'வெண்கலக் குதிரை'. சுதந்திரத்துக்கு அடுத்த வருஷம் வந்த ராஜா ராணிப் படம். அப்புறம் எங்கும் ஓடவில்லை. "அதைப்பத்தி என்னைவிடத் தெரிஞ்சவன் விந்தியத்துக்குத் தெற்கே கிடையாது" என்று தலைவர் சொல்வார். விந்தியத்துக்கு வடக்கே அந்தப் படத்தைப் பற்றி எவருக்குமே தெரியாது என்பதால் இது அடக்கத்தில் சொன்னது.

கதை இதுதான். மந்திரி செய்த சூழ்ச்சியால் ராணி தன் கைக்குழந்தையை ஒரு வெண்கலக் குதிரையின் வயிற்றுக்குள் ஒளித்து வைக்கிறாள். குழந்தை எதிரி நாட்டில் படைத்தலைவனாக வளர்ந்து, தாயென்று அறியாமல் தாயையே வெட்ட வாள் ஓங்குகிறான். அந்தக் காலத்தில் கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் கதைச்சுருக்கம் அத்தோடு முடிந்துவிடும். 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று கீழே அச்சிட்டிருக்கும். பேரவை அந்தப் புத்தகத்தை வரிக்கு வரி ஆராய்ந்திருந்தது, அந்தக் கடைசி வரி நீங்கலாக. மகன் தாயை அறிந்துகொண்டான் என்பது தலைவர் கட்சி. வெட்டிவிட்டுத்தான் அறிந்துகொண்டான் என்பது துணைத்தலைவர் கட்சி. இரண்டு கட்சிக்கும் காபி கொடுத்தது தலைவரின் மனைவி வைஜயந்தி மாமி.

மாமிக்கு இந்த விஷயத்தில் ஒரு சொந்த வழக்கு இருந்தது. எட்டு வயதில் அந்தப் படத்தைக் கொட்டகையில் பார்த்தவர். வாள் ஓங்கிய இடத்தில், காவிரி கரையைத் தொட்டுவிட்டது என்று யாரோ கத்த, மாமியின் அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்துவிட்டார். வெள்ளம் வடிவதற்குள் படத்தைத் தூக்கிவிட்டார்கள். அந்த வாள் மாமியின் தலைக்கு மேலேயே நின்றுவிட்டது. பிற்பாடு ஜாதகம் பொருந்தி, பையனுக்குச் சினிமாவில் அபார ஞானம் என்று சொல்லி, வேதாந்தத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணமான புதிதில் மாமி முதன்முதலாகக் கேட்ட கேள்வி, "ஏன்னா, அந்தப் பிள்ளை அம்மாவை அடையாளம் கண்டுண்டானா?"

"அது விவாதத்துக்குரியது" என்றாராம் தலைவர்.

அன்றிலிருந்து விவாதம் நடந்துகொண்டே இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை கனி மெய்யாகவே 'வெண்கலக் குதிரை'யைக் கொண்டுவந்துவிட்டார். கேசட்டைத் தலைவர் கொள்ளிடக் கரை வெற்றிலைபோல் வாடாமல் சுருங்காமல் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஞாயிறன்று அவசரக் கூட்டம். கூடத்து மேஜையில் கேசட். அதற்கு ஒரு முழம் தள்ளி, மாமியின் தம்பி மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த டெக், பூப்போட்ட உறை போர்த்தி உட்கார்ந்திருந்தது. பொருள்: 'இந்தக் கேசட்டினுள் முடிவுக் காட்சி எப்படி இருக்கும்?'

கேசட்டின் எடையைக் கையால் தூக்கிப் பார்த்துத் தாய் பிழைக்கமாட்டாள் என்றார் துணைத்தலைவர். அட்டையில் ராணி சிரிக்கிறாள், செத்தவள் சிரிப்பாளா என்றார் தலைவர். சிரிக்கிறது ராணி இல்லை, தோழி என்றார் துணைத்தலைவர். கேசட்டை விளக்கடியில் வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தபோது, மாமி காபித் தட்டோடு வந்து நின்றார்.

"இந்தப் பொட்டிக்குள்ள போட்டா ரெண்டு மணி நேரத்துல தெரிஞ்சுடுமே."

மண்டபத்தில் நாதஸ்வரம் பாதியில் நின்றதுபோல் ஆயிற்று. அதுவரை ஒரு விஷயத்திலும் ஒன்றுசேராத தலைவரும் துணைத்தலைவரும் அப்போது ஒன்றுசேர்ந்தார்கள்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. பார்த்துட்டா அப்புறம் பேரவை எதுக்குங்க?" என்றார் சவரிநாதன்.

தலைவர் எழுந்து நின்றார். அந்த உரை என் செவியில் இன்னும் ஒலிக்கிறது. "படம் பார்க்கறதுக்கு என்ன வேணும்? கண்ணு இருந்தாப் போதும். மாடுகூடப் பார்க்கும். பார்க்காம ரசிக்கறதுக்குத்தான் ஞானம் வேணும். கனி கடை வாசல்ல கியூவுல நிக்கறவாளுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? நாளைக்கே ஸ்டூலைப் போட்டுண்டு டி.வி. முன்னாடி உட்கார்றவன் இந்தப் பேரவையில இருக்க லாயக்கில்லாதவன்."

நான் பலமாகக் கைதட்டினேன். பார்ப்பதைக் கண்டிக்கும் தீர்மானத்தை முன்மொழிந்ததும் நான்தான். கேசட் பீரோவுக்குப் போயிற்று. மாமி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். துணைத்தலைவருடைய காபி பாதி அப்படியே இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

புதன்கிழமை மத்தியானம் தலைவர் எங்கள் கல்லூரி வாசலில் வந்து நின்றார். அரைநாள் லீவு போட்டிருந்தார். முகம் டிரான்ஸ்பார்மர் வெடித்ததுபோல் இருந்தது. விஷயம் இவ்வளவுதான்: மாமி நேரே கனியின் கடைக்குப் போய், அதே படத்தின் இன்னொரு கேசட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கனி மூன்று பிரதி கொண்டுவந்திருந்தார். பேரவை அதை மட்டும் ஊகிக்கவில்லை. படம் பார்க்கத் துணைக்கு மாமி அழைத்தது துணைத்தலைவரின் மனைவி பாக்கியமேரியை. அந்த அம்மாள் வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்பட, சவரிநாதன் கடமை தவறாமல் தலைவரின் ஆபீசுக்குப் போன் போட்டு, "உங்க வீட்டுலயே மீறல் நடக்குது சார்" என்று புகார் கொடுத்திருந்தார்.

"நீ செக்ரெட்டரி. சாட்சிக்கு வா" என்றார் தலைவர்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நடவடிக்கையின் வாசகத்தைத் தயாரித்தோம். பாலம் தாண்டும்போது 'கண்டனம்' என்பது 'வருத்தம்' ஆயிற்று, மனைவி என்பதால். தெருமுனைச் சோடாக் கடையில் சவரிநாதன் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வாருங்கள் என்றேன். கொள்கை இடம் கொடுக்காது என்றார். கையிலிருந்த சோடாவில் கேஸ் போய் வெகுநேரமாகியிருந்தது.

கூடத்தில் திரைச்சீலை இழுத்துவிட்டிருந்தது. டி.வி.யில் கறுப்பு வெள்ளையில் குதிரைகள் ஓடின. மாமி தரையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பாக்கியமேரி அம்மாள். நடுவில் ஒரு தட்டு முறுக்கு. மாமி எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"வைஜயந்தி" என்றார் தலைவர், தீர்மானம் படிக்கும் குரலில்.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்கோ. சண்டை வரப்போறது."

தலைவர் செருப்பைக் கழற்றினார். என்னைப் பார்த்தார். நான் சாட்சி என்ற முறையில் ஜன்னலோரமாக நின்றேன். அங்கிருந்து திரை நன்றாகத் தெரிந்தது. தலைவர் நின்றபடியே இருந்தார். பிறகு தூணில் சாய்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து மாமி, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், "ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கோங்கோ. முட்டி வலிக்கும்" என்றார்.

ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. அப்புறம், விந்தியத்துக்குத் தெற்கே ஈடு இணையில்லாத அந்த ஞானி குனிந்து, மெல்லிய குரலில் தம் மனைவியைக் கேட்டார்:

"இதுல ராணி யாரு? அந்த உசரமா இருக்கறவளா?"

பாக்கியமேரி அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நான் கூரையைப் பார்த்தேன். மாமி மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ நீங்க பார்த்ததே இல்லையா?" என்றும் கேட்கவில்லை. "பேசாம பாருங்கோ" என்றார்.

வாள் ஓங்கிற்று. மாமி எழுந்து முட்டிபோட்டு உட்கார்ந்தார். யாரோ பின்னாலிருந்து கையைப் பிடித்து இழுத்துவிடப் போகிறார்கள் என்பதுபோல இரண்டு கையையும் மடிக்குள் இறுக்கி வைத்துக்கொண்டார். ராணி ஒரு பழைய தாலாட்டைப் பாடினாள். படைத்தலைவனின் வாள் கீழே விழுந்தது. விழுந்த சத்தத்தில் மாமியிடமிருந்து ஒரு மூச்சு வந்தது. ஒரு பெண் எட்டு வயதில் உள்ளே இழுத்த மூச்சு.

"கண்டுண்டுட்டான்" என்றார் பாக்கியமேரியிடம்.

"வீட்டுக்காரரு முடிவை மட்டும் வந்து சொல்லுன்னாருங்க. என்ன சொல்றது?"

"விவாதத்துக்குரியதுன்னு சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு, மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போட உள்ளே போனார்.

எங்கள் பேரவை அந்தப் படத்தைப் பல்லியிடமிருந்தும் பூஞ்சணத்திடமிருந்தும் காப்பாற்றியதாக இதுவரை பெருமையாக எழுதிவந்தேன். பிழை திருத்தம்: நாங்கள் அதைக் காப்பாற்றியது ஒரே ஒருத்தியிடமிருந்துதான். அவள் கையால் காபி குடித்துக்கொண்டே காப்பாற்றினோம்.

அன்றைக்கே இதைச் சொல்லித் தலைவர் மேல் நடவடிக்கை எடுக்கலாமென்று ஜன்னலை விட்டுத் திரும்பினேன். ஸ்டூல் காலியாக இருந்தது. தலைவர் டெக்குக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். சமையலறைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். டி.வி.யின் சத்தத்தை நன்றாகக் குறைத்தார். பிறகு ஒற்றை விரலால் தடவித் தடவிச் சரியான பொத்தானைக் கண்டுபிடித்து, நாடாவை முதலுக்கு ஓட்டினார்.

"செக்ரெட்டரி" என்றார், திரும்பாமல். "கதவைச் சாத்திட்டு வந்து உட்காரு."

சாத்திவிட்டு உட்கார்ந்தேன். முறுக்கு இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.