ரிப்போர்ட் மயங்கி விழுந்த கதை

மதுரையில் உள்ள அத்தனை கொசுக்களும் சேர்ந்து குடித்ததைவிட அதிக ரத்தத்தை ஊசிக்குக் கொடுத்த ஒரே மனிதன் ரிப்போர்ட்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் காளவாசலில் நாங்கள் தங்கியிருந்த லாட்ஜில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், "அப்படி யாரும் இல்லையே" என்றுதான் பதில் வரும். தொண்ணூறுகளின் கடைசி அது.

அவனுக்குத் தலை வலித்தால் ரத்தப் பரிசோதனை. வலிக்காவிட்டால், ஏன் வலிக்கவில்லை என்று ரத்தப் பரிசோதனை. மாலையில் லேப் உறையை ஆட்டிக்கொண்டு மாடிப்படி ஏறும்போதே, "எல்லாம் நார்மல்!" என்று லாட்ஜே அதிரக் கத்துவான். பரீட்சையில் பாஸானவன்கூட அப்படிக் கத்தமாட்டான்.

"ஏன்டா இப்படிப் பண்ற?" என்று கேட்டேன்.

"மோட்டாரை ஓட விட்டுப் பாத்துத்தான மாப்ள கஸ்டமருக்குக் குடுக்குறோம்? ஒடம்ப மட்டும் பாக்காம ஓட்டலாமா?" என்றான். அவனுக்குப் பம்புசெட் கடையில் வேலை.

அவனுக்குப் பெண் பார்க்கத் திருவாதவூருக்குப் போனோம். எல்லோரும் கேசரியில் கை வைத்த நேரம் பார்த்து, "பொண்ணுக்கு ஹீமோகுளோபின் எம்புட்டு?" என்று கேட்டான். பெண்ணின் தாய்மாமன் எழுந்து போய் எங்கள் செருப்புகளை வாசல் பக்கம் திருப்பி வைத்தார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. பைக்கில் ஊர் ஊராகச் சோப்பு ஆர்டர் எடுக்கும் வேலை. சில மாதங்களாகக் காலைக்கடனில் ரத்தம் தெரிந்தது. வெட்கத்தைவிட்டு, நாங்கள் சாப்பிட்ட மெஸ்ஸை நடத்திய அக்காவிடம் மட்டும் சொன்னேன்.

"சூடு தம்பி! இந்த வெயில்ல வண்டி சீட்டுல ஒக்காந்தா மூலம் வராம என்ன செய்யும்?" என்று கருணைக்கிழங்கு மசியல் வைத்தார். நானும் கிழங்கு, மோர், எண்ணெய்க் குளியல் என்று பக்தியாக இருந்தேன்.

ஒரு நாள் மாடிப்படியில் பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். ரிப்போர்ட் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தான். மறுநாள் காலை டீக்கடையில் என் கையிலிருந்த கிளாஸைப் பிடுங்கிக் கீழே ஊற்றினான்.

"வெறும் வயித்துல வரணும். பேசாம வண்டில ஏறு!"

சாயங்காலம் ரிசல்ட் வந்தது. வழக்கம்போல வாய் திறந்து கத்தத் தயாரானவன் அப்படியே நின்றான். இருக்க வேண்டிய ரத்தத்தில் எனக்குப் பாதிகூட இல்லை. அத்தனை வருடம் நார்மலையே பார்த்துப் பழகியவன், மோசமான ரிசல்ட்டை அன்றுதான் முதன்முதலில் பார்த்தான். "மாப்ள..." என்றான். லேப் வாசலிலேயே மயங்கி விழுந்தான். நோயாளி நான், சோடா வாங்கித் தெளித்தவனும் நான்.

மறுநாள் பெரிய டாக்டரம்மாவிடம் இழுத்துப்போனான்.

"மோஷன்ல ரத்தம் போகுதா?"

"அது மூலம் டாக்டர்."

"யார் பாத்துச் சொன்னது?"

"மெஸ் அக்கா."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். குழாய் விட்டுக் கேமராவில் பார்த்தார்கள், சதை எடுத்து அனுப்பினார்கள். கடைசியில், பெருங்குடலில் புற்றுநோய் என்றார்.

"எனக்கு இருபத்தேழு வயசுதான் டாக்டர்!" என்றேன், ஏதோ வயதுச் சான்றிதழ் காட்டினால் விட்டுவிடுவார்கள் என்பது போல.

"அதனாலதான் யாரும் தேடிப் பாக்கல. இப்பவாவது வந்தீங்களே. ஆபரேஷன் பண்ணிரலாம்" என்றார்.

அதற்கு மேல் ரிப்போர்ட்தான் பேசினான். "இதுக்குன்னு தனியா ஒரு ரத்த டெஸ்ட் இருக்காம்ல டாக்டர்? வருசா வருசம் அதை எடுத்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும்ல?"

"இருக்கு. ஆனா நோய் இருக்கும்போதே அது சில பேருக்கு நார்மல்னு வரும். ஆபரேஷனுக்கு அப்புறம் திரும்ப வருதான்னு கவனிக்கத்தான் அது ஒதவும். அதை மட்டும் நம்பி நோயைக் கண்டுபிடிக்க முடியாது."

"நார்மல்னு வந்தாலும் உள்ள இருக்குமா?"

"இருக்கலாம்."

என் நோயைக் கேட்டு மயங்காதவன் இதைக் கேட்டுச் சுவரில் சாய்ந்துவிட்டான். அவன் முகத்தைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது.

நான் ஆபரேஷன் முடிந்து திரும்பியபோது அவன் அலமாரி காலி. சேர்த்து வைத்திருந்த லேப் காகிதம் அத்தனையையும் கடலை வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டிருந்தான். காளவாசலில் கொஞ்ச நாள் வறுகடலை அவனுடைய சர்க்கரை அளவு எழுதிய தாளிலேயே மடித்து வந்தது. அதற்குப் பிறகு அவன் தன் தலைவலிக்குக்கூட லேப் பக்கம் போகவில்லை. எனக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி.

டாக்டரம்மா சொன்ன அந்த ரத்தப் பரிசோதனைக்கு நான் சில மாதங்களுக்கு ஒரு முறை போக வேண்டியிருந்தது. முதல் தடவை ஊசியைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டேன். பக்கத்து நாற்காலியில் ரிப்போர்ட் வந்து உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தான்.

"ஒங்களுக்கு என்னண்ணே டெஸ்ட்டு?" என்றாள் லேப் பெண்.

"அவனுக்கு எடுக்குறதையே எனக்கும் எடு தங்கச்சி. தனியா குத்து வாங்குனா அவனுக்கு ஒரு மாதிரியா இருக்கும்."

ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். இரண்டு உறைகள் வரும். என்னுடையதை மட்டும் பிடுங்கிப் பிரிப்பான், திரும்பத் திரும்பப் படிப்பான், "நார்மல் மாப்ள" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்வான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியை உதைப்பான். பாழாய்ப்போனவன், தன்னுடைய உறையை ஒரு நாளும் பிரித்ததில்லை.

அவனுக்குத் தெரியாமல் அதை நான்தான் பிரித்து, திரும்பத் திரும்பப் படிப்பேன்.