பச்சை பஸ் கனவும் என் மகள் கல்யாணமும்

செங்கல்பட்டு,
மே 2003

கண்ணியத்துக்குரிய மச்சான் கலீலுல்லா அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் பஷீருதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் ராபியாவும் மகள் ஹனியாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். கோவளத்தில் நீங்களும் உங்கள் மகன் தௌசிஃப்பும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். துஆ முடிந்தது. இனி விஷயம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நான் சோற்றில் கை வைக்கும் நேரம் பார்த்து வந்து, தௌசிஃப்புக்கு ஹனியாவைக் கேட்டீர்கள். கேட்டதில் தப்பில்லை, முறைப்பையன்தான். ஆனால், "இஸ்திகாரா தொழுதுட்டுப் படுத்தேன் மச்சான், கனவுல பச்சை வந்துட்ச்சு, அல்லா சரின்னுட்டான்" என்றீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் ஏறியது. எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் தவிக்கிறவன் ரெண்டு ரக்அத் தொழுது, எது நல்லதோ அதை லேசாக்கிக் கொடு என்று அல்லாஹ்விடம் கேட்பதுதான் இஸ்திகாரா. கனவில் பச்சை, வெள்ளை வந்தால் ஆகும், சிவப்பு, கறுப்பு வந்தால் ஆகாது என்பதெல்லாம் நம் குடும்பம் சேர்த்துக்கொண்டது. சரி, பச்சையாக இன்னா வந்தது என்று கேட்டால், "பஸ்ஸு" என்கிறீர்கள். மச்சான், எங்கள் பஸ் ஸ்டாண்டில் நான் பட்டப்பகலில் பச்சை பஸ் பார்க்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிக்காஹ் முடிக்க முடியுமா? அந்த பஸ்ஸை நம்பி மண்டபம் பேசியாகிவிட்டது, பிரியாணி மாஸ்டரிடமும் சொல்லியாகிவிட்டது. போதாததற்கு என் பெண்ணிடம், "நாவலூர் வேலைலாம் இன்னாத்துக்கும்மா, திங்கக்கெழம போவாத" என்று உத்தரவு வேறு. கண் முழித்துப் படித்து வாங்கிய கம்ப்யூட்டர் வேலை, திங்கட்கிழமைதான் போய்ச் சேர வேண்டும். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த முகத்தைப் பார்த்தபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கியது, ருசிக்கவில்லை.

அண்ணன் கனவு கண்டால் தங்கை சும்மா இருப்பாளா? அன்று ராத்திரியே ராபியாவும் தொழுதுவிட்டுப் படுத்தாள். விடிந்ததும், "இன்னாங்க, எனக்கு வெள்ளை வந்துட்ச்சு. ஒசரமா நின்னுகினு கீது, கதவைத் தொறந்தா குளுகுளுன்னு காத்து வருது" என்றாள். "அடியே, அது ஃப்ரிட்ஜு" என்றேன். போன கோடையிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருப்பது. இதற்கும் என் மகள் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம், நீங்களே சொல்லுங்கள்.

சரி, நம் பங்குக்கு நாமும் கேட்போம் என்று நானும் கை கால் முகம் கழுவி ஒளு எடுத்துத் தொழுதேன். உள்ளதைச் சொல்கிறேன், நான் வழி கேட்கவில்லை. மச்சானிடம் முடியாது என்று சொல்ல ஒரு சிவப்பைக் காட்டு என்றுதான் கேட்டேன். காட்டினான். இருட்டில் கண்ணுக்கு நேரே குண்டுமணி மாதிரி சிவப்பு. நான் துள்ளி எழுந்து ராபியாவை உலுக்கினால் அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அது கொசு மெஷின் லைட்டுங்க, படுங்க" என்கிறாள்.

என்ன ஆனாலும் என் முடிவில் மாற்றமில்லை. நீங்கள் முடிவை எடுத்துக்கொண்டு போய் அல்லாஹ்விடம் கையெழுத்து கேட்கிறீர்கள். அந்தப் பழக்கம் என்னோடு இருக்கட்டும், உங்களுக்கு வேண்டாம். ஹனியா திங்கட்கிழமை வேலைக்குப் போவாள். இந்தச் சம்பந்தம் இல்லை. மண்டபத்தை வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். வீட்டில் எல்லாருக்கும் எங்கள் ஸலாம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும், கனவில்லாத தூக்கமும் தருவானாக.

இப்படிக்கு,
உங்கள் மீது மிகுந்த கோபத்துடன்,
பஷீருதீன்

பின்குறிப்பு: தபாலில் போடச் சொல்லி ஹனியாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தாள். "நானும் இஸ்திகாரா தொழுதேன் அத்தா. கனவெல்லாம் வர்ல. மனசு நிம்மதியா கீது" என்றாள். கட்டிக்கொள்ளப் போகிறவளும் தொழுவாள் என்று நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை, பாருங்கள். "எதுலம்மா நிம்மதி, வேலையிலயா, கல்யாணத்துலயா?" என்றேன். "ரெண்டுலயும்தான். நாவலூருக்கு இங்கேர்ந்து பஸ்ஸு மாறி மாறிப் போவணும், கோவளத்துலேர்ந்து கிட்டக்க. தௌசிஃப் பைக்குல போய்ப் பாத்துட்டாரு." தௌசிஃப் இதை உன்னிடம் எப்போது சொன்னான் என்று கேட்பதற்குள் அடுப்பில் பால் பொங்குகிறதென்று போய்விட்டாள். அடுப்பில் பாலே இல்லை. மேலே எழுதியதைக் கிழித்துவிடலாம்தான். இவ்வளவு நல்ல கோபத்தை வீணாக்க மனம் வரவில்லை. மண்டபம் இருக்கட்டும். என்னை யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் நான் சம்மதம் சொல்லிவிட்டேன்.