மின்விசிறியின் கீழ் ஒரு சர்வதேச நீதிமன்றம்

முதலில் விவரங்கள். இடம்: தியாகராய நகரில் ஒரு காபி ஹோட்டல். ஆண்டு: 1948. உள்ளே நுழைந்ததும் வலப்புற மூலையில், மின்விசிறிக்கு நேர்கீழே, ஒரு பளிங்கு மேஜை. காலை ஏழு மணிக்கு அங்கே இருவர் வந்து அமர்வர், ஒன்பதரைக்கு எழுவர். ஒருவர் ஓய்வுபெற்ற முனிசீப் கணேசமூர்த்தி. மற்றவர் ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா சுப்புராயன். மேஜையைத் துடைப்பவர் தணிகாசலம். இவை உண்மைகள். அபிப்பிராயம் இனிமேல்தான்.

மனித குலத்தில் அகில உலக நீதிமான் என்றோர் இனம் உண்டு. இந்த இனத்தாருக்கு அநீதி என்றால் ஆகவே ஆகாது. ஆனால் அது குறைந்தபட்சம் ஒரு சமுத்திரத்துக்கு அப்பால் நடந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில், மனைவியும் மூன்று குழந்தைகளும் உள்ள கூலியாள் நாகரிகமாக வாழ எவ்வளவு வேண்டுமோ அதுவே நியாயமான கூலி என்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு நீதிபதி தீர்ப்பளித்ததையும், அமெரிக்காவில் ஹோட்டல் அறை கூட்டும் பெண்ணொருத்தி குறைந்தபட்சக் கூலிக்காகச் சுப்ரீம் கோர்ட்டுவரை சென்று வென்றதையும், அதே கோர்ட்டு, சங்கத்தில் சேர்ந்த குற்றத்துக்காக விரட்டப்பட்ட எஃகு ஆலைத் தொழிலாளரைத் திரும்ப வேலையில் அமர்த்தச் சொன்னதையும், இட்லிக்கும் இரண்டாம் காபிக்கும் இடையே இந்த மேஜையார் இருவரும் ஒப்பித்துவிடுவார்கள். ஒப்பிக்கையில் கண் கலங்கும். மிளகாய்ப்பொடியின் காரம் என்று எண்ணிவிடாதீர்கள். கருணை.

"சாமி, அமெரிக்காவக் கொஞ்சம் தூக்குங்க, தொடச்சிக்கிறேன்" என்பார் தணிகாசலம், விரித்துக்கிடக்கும் பத்திரிகையைக் காட்டி. தூக்குவார்கள். துடைத்ததும் அமெரிக்கா மீண்டும் இறங்கும்.

வாரத்தில் ஒருநாள் விடுமுறை கடைச் சிப்பந்திகளின் உரிமை என்று நம் மாகாணத்திலும் சட்டம் வந்தது. அதைத் தணிகாசலத்துக்குச் சொன்னவர்கள் இவ்விருவரே. "போய்க் கேளுடா! உலகத்துக் கோர்ட்டெல்லாம் உன் பின்னாலே நிக்கறது" என்றார் முனிசீப். தணிகாசலம் போய்க் கேட்டார். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. அது அவர் செய்த பிழை.

மேனேஜர் கோபிக்கவில்லை. வருகைப் பதிவேட்டை எடுத்தார். ஆகஸ்டு பத்து, பதினொன்று, பன்னிரண்டு ஆகிய மூன்று நாளும் தணிகாசலம் சொல்லாமல் நின்றுவிட்டதாக எழுதினார். பதின்மூன்றாம் தேதி அதற்காகவே வேலையை விட்டு நீக்கினார். தணிகாசலம் கொடுத்த புகார் விசாரணைக்கு வந்தபோது தொழிலாளர் இலாகா அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த மூன்று நாளும் நீ வேலை செய்ததைப் பார்த்தவர் உண்டா?"

தணிகாசலம் சிரித்தேவிட்டார். மறுநாள் காலை, மனைவி முனியம்மாளுடன், நேரே மின்விசிறியின் கீழ் வந்து நின்றார்.

"சாமி, பன்னெண்டாந் தேதி நான் வந்தனா இல்லியா?"

"வந்தே. என் வேஷ்டியிலே சாம்பாரைக் கொட்டினது நீதானே!" என்றார் முனிசீப்.

"நல்லாக் கொட்டினேன் சாமி! அத்த அப்பிடியே ஒரு வரி எயுதிக் குடுங்க, போதும்."

முனிசீப் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். பிறகு சட்டம் தொடங்கிற்று.

"யோசிச்சுப் பாருங்கோ சுப்புராயன். நியாயம் தொழிலாளி பக்கம்னு நாம ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியாச்சு. தீர்ப்புச் சொன்னவனே கூண்டிலே ஏறிச் சாட்சியும் சொல்லலாமோ? எந்த தேசத்திலேயாவது உண்டா?"

சுப்புராயன் கண்களை மூடி, தேசம் தேசமாகப் போய்வந்தார். "எங்கேயுமில்லை" என்றார்.

அந்த ஹோட்டலில் மின்விசிறி ஒன்றே ஒன்றுதான் என்பதும், யார் எங்கே உட்காருவது என்பதைத் தீர்மானிக்கும் மேனேஜர் அப்போது இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும் இதற்குச் சம்பந்தமில்லாத விவரங்கள். விட்டுப்போகக்கூடாதே என்று சொல்கிறேன்.

ஆனால் அகில உலக நீதிமான் ஏழையைக் கைவிடுவாரா? ஒரு வாரம் உறங்காமல் பத்தொன்பது பக்கத்தில் இங்கிலீஷில் அதிகாரிக்கு ஒரு விக்ஞாபனம் தயாரித்தார்கள். ஆறு பக்கம் ஆஸ்திரேலியா. ஒன்பது பக்கம் அமெரிக்கா. எஞ்சிய நான்கில் நியூஜிலாந்தும் பொதுவாக மனித மாண்பும். பச்சை நாடாவால் கட்டி, முனியம்மாள் கையில் கொடுத்தார்கள். அவள் தாள்களைப் புரட்டினாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது சாமி. இந்தாளு அன்னிக்கு வேலைக்கு வந்தாருன்னு இதுல எங்க எயுதிக்கீது?"

"அம்மா, இது அதைவிடப் பெரிய விஷயம்."

"பெருசு கெடக்கட்டும் சாமி. சின்னது எங்க கீது?"

"இவளுக்குச் சட்டம் புரியாது" என்றார் சுப்புராயன், பரிவோடுதான்.

அதிகாரி பத்தொன்பது பக்கத்தையும் மரியாதையாகப் படித்தார். கடைசித் தாளின் பின்புறத்தையும் திருப்பிப் பார்த்தார். வெறும் தாள். பதிவேட்டை மறுக்கச் சாட்சி இல்லை, நீக்கம் செல்லும் என்று எழுதி முடித்தார்.

செய்தி கேட்டு மேஜை துக்கம் காத்தது. "நம்ம தேசத்திலே சட்டம் இன்னும் வளரலே ஓய்" என்று முனிசீப் பெருமூச்செறிந்தார். தணிகாசலத்தின் இடத்துக்குப் புதிதாக வந்தவன் அமெரிக்காவைத் தூக்கத் தெரியாமல் அதன்மேலேயே ஈரத்துணியைப் போட்டுவிட்டான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் பத்திரிகையில் படித்த கொடுமைக்காகப் பல்லைக் கடித்துவிட்டு, பக்கத்தில் நின்றவர் ஒரு கையெழுத்துக் கேட்டபோது மூக்குக்கண்ணாடியைத் தேடியது எப்போது என்று மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள். உங்களுக்கும் ஒரு மின்விசிறி இருக்கும். எங்கே என்று எனக்குத் தெரியாது. 'அடுத்த மேஜையில் உட்கார்ந்து தேதி தவறாமல் இத்தனையும் குறித்துக்கொண்ட நீர் கையெழுத்திட்டீரோ?' என்று என்னைத் திருப்பிக் கேட்கவேண்டாம். குறித்து முடித்தபோது பேனாவில் மை தீர்ந்துவிட்டது.

அந்த மூன்று நாளையும் சேர்த்து, தணிகாசலம் அங்கே மேஜை துடைத்த காலம்: பதினோரு ஆண்டு, நான்கு மாதம்.