விசிலுக்கு நிற்காத வண்டி

இந்த உலகத்திலேயே செல்போனைப் பார்த்து விசில் ஊதிய ஒரே மனிதர் எங்கள் தெரு டைம்கீப்பர்தான். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் எந்த வண்டி முதலில் கிளம்ப வேண்டும் என்று தீர்ப்பு சொல்லியே ஓய்வு பெற்றவர். கயத்தாறு வண்டி ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றால் டிரைவரின் பரம்பரையையே இழுப்பார்.

ஓய்வுக்குப் பிறகு, எல்லோரும் படம் போடும் ஒரு ஆப்பில் போய் விழுந்தார். விழுந்த அன்றே சண்டை.

"ஏன் தம்பி, முந்தாநாள் போட்டது முதல்ல வருது, இன்னைக்குப் போட்டதக் காணோம். இவனுவ ஸ்டாண்டுல டைம்கீப்பரே கிடையாதா?"

"நமக்கு எது பிடிக்கும்னு அதுவே பாத்து வரிசைப்படுத்துது, அண்ணாச்சி."

"எனக்கு என்ன பிடிக்கும்னு எம் பொண்டாட்டிக்கே தெரியாது. அவனுக்கு எப்படிய்யா தெரியும்?"

அவனுக்குத் தெரிந்த லட்சணம் இதுதான்: எருமை குளிப்பதை ஒரு தடவை பார்த்துத் தொலைத்தார். அப்புறம் எருமையாகவே வந்தது.

ஒருநாள் கடம்பூர் மச்சினர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் படம் வந்தது. பதறியடித்து ஆப்பிளும் ரொட்டியுமாகப் போய் இறங்கினார். கதவைத் திறந்ததே மச்சினர்தான், கையில் போளியோடு. "வாங்க அத்தான், சூடா இருக்கு, சாப்பிடுங்க." படம் போன வாரத்தது.

திரும்பி வந்து போனை என்னிடம் நீட்டினார். உள்ளே துழாவி, 'புதியது முதலில்' என்று மாற்றிக் கொடுத்தேன். மறுநாள் பழையபடி எருமை. நாம் சொன்ன விருப்பம் அதற்கு ஒரு ராத்திரி தாங்காது. நாம் பார்த்த எருமை மட்டும் மறக்கவே மறக்காது. அப்போதுதான் விசிலை எடுத்து ஊதினார். தெருநாய்கள் ஓடின. ஆப் அசையவில்லை.

"எதுக்கு அண்ணாச்சி இந்த மல்லுக்கட்டு? தூக்கிப் போடுங்க."

விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மக புனேல இருக்கால்லா. அவ இஷ்டத்துக்குக் கட்டிக்கிட்டான்னு நான் பேசுததில்ல. பிள்ள பொறந்த படம் போட்டிருக்கா. ஊரே பாத்து முடிச்ச பொறவு இந்த ஆப்புக்காரன் எனக்குக் காட்டுதான். தாத்தன் கடைசி வண்டியாய்யா?"

மகளுக்கு ஒரு போன் போட்டால் முடிகிற காரியம். சொன்னால் எனக்கும் விசில் கிடைக்கும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. தினமும் காலையில் வரச் சொன்னேன். மாசக்கணக்காக வருகிறார், மாற்றித் தருகிறேன். கற்றுத் தருகிறேன் என்றால் மட்டும் காது கேட்காது.

நேற்று, பேரன் தவழும் படத்தை மகள் போட்ட கையோடு பார்த்துவிட்டார். "கரெக்ட் டயம்!" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

இப்போதெல்லாம் அவர் வரக் கொஞ்சம் தாமதமானால், நான் வாசலுக்கு வந்து தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.